தாடை வலிக்கு நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டும் உறை): நான்கு வருடம் போட்டுப் பார்த்த அனுபவம்

மதுரை திருநகரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பதினாறு வருடத் தொழில். குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அளவு பிடிப்பேன், நூலைக் கடித்துத்தான் அறுப்பேன். தாடை வலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

2020 தீபாவளித் தையல் நெருக்கடியில் வலி முதலில் காதில்தான் ஆரம்பித்தது. காது டாக்டர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, பல் டாக்டரைப் பாருங்கள் என்றார். போன இடத்தில் ஞானப்பல்தான் காரணம் என்று பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது. இன்னோர் இடத்தில், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேரவில்லை, தேய்த்துச் சரிசெய்யலாம் என்றார்கள். பணம் இல்லாததால் தள்ளிப்போட்டேன். அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. இந்த வலிக்கு, வேண்டாமென்றால் நிறுத்திவிடக்கூடிய சிகிச்சையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2021 தை மாதம் ஒருநாள் காலையில் வாய் திறக்கவில்லை. ஒரு விரல்தான் நுழைந்தது. இட்லியைக் கிள்ளிக் கிள்ளித் திணித்தேன். சாதாரணமாக மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்கும் அளவுக்குத் திறக்க வேண்டுமாம்.

அன்றைக்குப் பார்த்த டாக்டரம்மா எடுத்தவுடன் எக்ஸ்ரே எழுதவில்லை. இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். கன்னத்தையும் நெற்றிப் பொட்டையும் அழுத்தினார். உயிர் போனது. காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டில் மெத்தை மாதிரி ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது, அது முன்னால் நழுவித் திரும்பும்போதுதான் ‘டக்’ என்ற சத்தம், திரும்பாமல் மாட்டிக்கொண்டால் வாய் திறக்காது என்று விளக்கினார். ஆனால் உங்கள் வலியில் பெரும்பகுதி தசை வலி, பல்லைக் கடிப்பதால் வருவது என்றும் சொன்னார். பல் நுனிகள் தட்டையாகத் தேய்ந்திருந்ததைக் கண்ணாடியில் காட்டினார். மேலூர்க்காரரான என் மாமியார் பல வருடமாகச் சொன்னதுதான். “ஏத்தா, ராத்திரி பூரா பல்ல நறநறன்னு கடிக்கிறியே, வயித்துல பூச்சி இருக்கும்” என்பார். கடித்தது உண்மை, பூச்சி இல்லை.

அச்சு எடுத்து, ஒரு வாரத்தில் மேல்பல்லுக்குக் கடினமான அக்ரிலிக் பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். 4,000 ரூபாய். முதல் பத்து நாள் எச்சில் ஊறித் தூக்கமே இல்லை. இரண்டு வாரம் கழித்து, கலர் தாளைக் கடிக்க வைத்து, கார்டில் மேடாக இருந்த இடங்களை மட்டும் தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பொருந்தியது. மூன்று மாதத்தில் காலைத் தலைவலி பாதிக்கு மேல் குறைந்தது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கார்டு பல் கடிப்பதை நிறுத்தவில்லை. என் கார்டில் பள்ளம் பள்ளமாகத் தடம் இருக்கிறது. பல் தேய வேண்டிய இடத்தில் அது தேய்கிறது, அவ்வளவுதான். இதற்கு முன் ஆன்லைனில் வாங்கிய மெத்தென்ற கார்டை மென்றுகொண்டே தூங்கி, வலி கூடியது. எல்லோருக்கும் அப்படி ஆகாது, எனக்கு ஆயிற்று. 2023-ல் அக்ரிலிக் கார்டைச் சுத்தம் என்று வெந்நீரில் போட்டேன். வளைந்துவிட்டது, புதிதாக 5,000 ரூபாய். பச்சைத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். பேஸ்ட் போட்டால் கீறல் விழும்.

கார்டைவிட வலியைக் குறைத்தது, பகல் பழக்கத்தை மாற்றியதுதான். உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக்கூடாது என்றார் டாக்டரம்மா. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லையாம். கவனித்துப் பார்த்தால், ஓரம் அடிக்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினேன். அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவேன். குண்டூசிக்கு மணிக்கட்டில் பஞ்சு மெத்தை, நூலுக்குக் கழுத்தில் தொங்கும் சின்னக் கத்தரி. இந்த மூன்றுக்கும் நூறு ரூபாய் ஆகவில்லை.

அப்புறம், காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு ஒத்தடம். ஆறு வாரம் பரோட்டா, முறுக்கு, சீவல் எதுவும் இல்லை. கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வேன். மாத்திரை பத்து நாள்தான்.

பக்கத்துத் தெரு அக்காவுக்கு இதெல்லாம் செய்தும் வாய் திறக்கவில்லை. அவருக்கு மூட்டுக்குள் ஊசி செலுத்தி உப்புநீரால் கழுவினார்கள். அதன்பிறகு பயிற்சி செய்து நன்றாகத் திறக்கிறார். எனக்குப் போடாக்ஸ் ஊசியையும் ஒருவர் சொன்னார். அது தசையைத் தளர்த்தும், சில மாதத்தில் வேகம் குறைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். நான் வேண்டாம் என்றுவிட்டேன். அறுவைச் சிகிச்சை வெகு சிலருக்குத்தான் தேவைப்படும் என்றார்கள்.

வலப்பக்கம் ‘டக்’ சத்தம் இன்னும் இருக்கிறது. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் தாடை வலியோடு நெஞ்சு கனம், வியர்வை வந்தால் பல் டாக்டரிடம் போகாதீர்கள், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், அது இதயமாக இருக்கலாம். வீக்கமும் காய்ச்சலும் இருந்தாலும், திறந்த வாய் மூடாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

இப்போது மூன்று விரல் தாராளமாக நுழைகிறது. வாரத்தில் ஐந்து இரவு கார்டு போடுகிறேன். முகூர்த்த மாதங்களில் விளக்குத்தூண் துணிக்கடைகளிலிருந்து லைனிங் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கும்போது தினமும் போடுகிறேன்.