மண்ணுக்கடியில் குழாயா, கூலரா, ஏசியா? மதுரை வெயிலுக்கு எது சரி?

மார்கழி விடியலில் பம்புசெட்டுக் குழாயடியில் நின்றால் தண்ணீர் வெதுவெதுப்பாக விழும், மேலே ஆவி பறக்கும். சித்திரை மத்தியானம் அதே இடத்தில் நின்றால் ஜில்லென்று இருக்கும். தண்ணீரின் சூடு இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறியது வெளிக்காற்று. மூன்று, நான்கு மீட்டர் ஆழத்து மண்ணும் அப்படித்தான். ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே வருடம் முழுக்க இருக்கும். அங்கே குழாய் புதைத்து, வெளிக்காற்றை அதன் வழியே வீட்டுக்குள் இழுப்பதுதான் இந்த முறை.

குருகிராம் பக்கம் குவால் பஹாரியில், டெரி (TERI) என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில், தங்கும் பகுதி 4 மீட்டர் ஆழக் காற்றுக் குழாய்களை நம்பித்தான் கட்டப்பட்டது. அங்கே கோடையில் குளிர்ச்சி, டிசம்பரில் கதகதப்பு என்று இரண்டு போகம். மதுரையில் ஒரு போகம்தான். அது போக, நம் மண்ணே 28, 29 டிகிரிச் சூடு. 40 டிகிரிக் காற்று 30 மீட்டர் குழாயைத் தாண்டி வந்தாலும் 31 வாக்கில்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 அங்குலக் குழாயில் வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் காற்று போனால் சுமார் 800 வாட் குளிர்ச்சி கிடைக்கும். ஒன்றரை டன் ஏசி தருவது 5,250 வாட் அளவு. ஆக, ஆறேழு குழாய் வேண்டும். ஐந்து சென்ட் மனையில் ஒரு குழாய் போடவே வீட்டைச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒரு குழாய்க்குச் சின்ன ஃபேன் இழுக்கும் கரண்டு போதும். உள்ளே வருவதும் புதுக்காற்று. ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது.

கூலர்? ஈரப்பதம் 30 சதவீதம் இருக்கும் அக்னி நட்சத்திர மத்தியானத்தில் 28, 29 வரை இறக்கிவிடும். குழாயை விட மேல். ஆனால் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் மாதத்தில் அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால், கூலரில் நனைந்திருக்கும் பேடில் வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து, விரலால் சுரண்டினால் ஓடு மாதிரி பெயரும். ஐப்பசியில் போட்டால் புழுக்கம்தான் மிச்சம். ஈரத்தை உறிஞ்சுவது ஏசி மட்டும்தான்.

குழாய்க்குள் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்ற பயம் நம் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. குழாய்ச் சுவர் 29 டிகிரியில் இருக்கும்போது காற்றின் ஈரம் அதில் படியாது. மழைத் தண்ணீர் கசிந்து இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும். சரிவாகப் பதித்து, தாழ்ந்த முனையில் வடிகால் வையுங்கள்.

இரவில் கதை மாறும். வெளிக்காற்று 27க்கு இறங்கியதும் குழாயை விட ஜன்னலே மேல். அதனால் பகலில் ஆள் இருக்கும் பள்ளிக்கூடம், தறிக்கூடம், கிளினிக் போன்றவற்றுக்குத்தான் நான் குழாயைச் சொல்வேன். இடமும் பார்க்க வேண்டும்: மேலூர்ப் பக்கம் பாறை தட்டினால் செலவு எகிறும்; திருமங்கலத்துக் கரிசல் கோடையில் வெடித்து, குழாயை விட்டு விலகி நிற்கும், குழாயின் சூடு மண்ணுக்கு இறங்காது.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள். இரவெல்லாம் நம்மை வேகவைப்பது அந்தக் கான்கிரீட்தான். புதிதாகக் கட்டுகிறீர்கள், மண்ணும் நல்ல மண், பகலில் புழங்கும் கட்டடம் என்றால், அஸ்திவாரத்துக்கு ஜேசிபி வரும் அன்றே குழாய்க்கும் பள்ளம் எடுத்துவிடுங்கள். குழாயின் வெளி முனையில் கொசுவலை கட்ட மறக்காதீர்கள்.