நெருங்கி எடுக்கும் படம் வெளிறாமல் இருக்க: ஃபிளாஷை அடக்குவதா, அணைப்பதா?

கையடக்க டிஜிட்டல் கேமராவில் ஒரு வெள்ளைப் பூவை மேக்ரோவில், அதாவது மிக நெருங்கிப் படமெடுக்கும் முறையில், எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை தெரிந்திருக்கும். கண்ணுக்கு இதழின் மடிப்பும் மெல்லிய நரம்பும் அத்தனை அழகாகத் தெரிகின்றன. படத்தில் இருப்பதோ ஒரு வெள்ளைத் திட்டு. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஃபிளாஷை வைத்துக்கொண்டே அதன் ஒளியைக் குறைப்பது ஒன்று. ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருக்கிற வெளிச்சத்திலேயே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் பக்கம் இறக்குவது இன்னொன்று.

இரண்டையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இரண்டாவது வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். ஃபிளாஷின் நிழல் கடுமையாக விழும், ஜன்னல் வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது தூரம்.

ஃபிளாஷ் கேமராவோடு சேர்ந்தே நகர்கிறது. நாம் பூவை நெருங்கினால் விளக்கும் நெருங்குகிறது. தூரம் பாதியானால் பூவின்மேல் விழும் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். 40 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ.க்கு வந்தால் 16 மடங்கு, அதாவது 4 ஸ்டாப் (ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்). கேமராவும் சும்மா இருப்பதில்லை. படம் எடுப்பதற்குச் சற்று முன் ஃபிளாஷை ஒருமுறை லேசாக மின்ன வைத்து, திரும்பி வரும் ஒளியை அளந்து, ஃபிளாஷின் ஒளியைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் எந்த ஃபிளாஷும் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அந்த அடிமட்ட ஒளியே 10 செ.மீ.யில் அதிகமாகிவிடலாம். ஃபிளாஷ் அளவை மைனஸ் 2 வரை இறக்க மெனுவில் வழி இருந்தாலும் இதே நிலைதான். அடிமட்டத்தைத் தொட்டபின் எண் இறங்கும், ஒளி இறங்காது. கேமராவோடு வரும் கையேட்டில் மேக்ரோவுக்கான குறைந்தபட்ச தூரத்தையும் ஃபிளாஷுக்கான குறைந்தபட்ச தூரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல கேமராக்களில் லென்ஸ் சில சென்டிமீட்டர் வரை நெருங்கும். ஃபிளாஷ் அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடும்.

சரி, ஃபிளாஷ் மேல் டிஷ்யூ காகிதத்தை மடித்து ஒட்டினால்? நானும் ஒட்டினேன், ஒளி நன்றாகவே குறைந்தது. ஒரே தூரத்தில் கேமராவை அசையாமல் வைத்து, ஒரே மாதிரிப் பொருட்களை வரிசையாக எடுப்பதென்றால் இந்த வழி போதும். பூ அப்படி இருக்க விடுவதில்லை. 10 செ.மீ.க்குச் சரியாக இருந்த மடிப்பு, 7 செ.மீ.க்குச் சாய்ந்ததும் போதாமல் போகிறது. அந்த மூன்று சென்டிமீட்டரில் ஒளி இரண்டு மடங்காகிவிடுகிறது. போதாததற்கு, லென்ஸ் குழாயின் நிழல் படத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாக வந்து விழும். இதில் எதையும் படம் எடுத்த பிறகுதான் பார்க்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

ஜன்னல் வெளிச்சம் நம்மோடு நகர்வதில்லை. நான் 30 செ.மீ.யில் நின்றாலும் 5 செ.மீ.யில் குனிந்தாலும், என் நிழல் விழாதவரை, பூவின்மேல் விழும் ஒளி அதே ஒளிதான். மைனஸில் ஒரு படி இறக்கினால் பல கேமராக்களில் திரையிலேயே உடனே தெரிகிறது. பட்டனை அழுத்துவதற்கு முன்பே இதழின் மடிப்பு திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

எவ்வளவு மைனஸ் என்பது பின்னணியைப் பொறுத்தது. கேமராவின் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் அமைப்பு, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். இருண்ட இலைகளுக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளைப் பூ இருந்தால், இலைகளைப் பார்த்து ஒளியைக் கூட்டும், பூ வெளிறிவிடும். அங்கே நான் மைனஸ் 1-இல் தொடங்குகிறேன். அதே பூ படம் முழுவதையும் நிரப்பும்போது மைனஸ் தேவைப்படாது, சில சமயம் பிளஸ் கூட வைக்க வேண்டிவரும். ஒரு சின்னப் புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை இதழின்மேல் வைத்தாலும் இப்படித்தான். சிவப்புப் பூக்களில் மட்டும் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) அப்படியே நம்பாதீர்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு நிறம் மட்டும் உச்சியில் முட்டி, இதழ் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். செம்பருத்திக்கு நான் இன்னும் மூன்றில் இரண்டு ஸ்டாப் இறக்கிவிடுகிறேன். ஜேபெக் படத்தில் கொஞ்சம் இருண்டதைப் பிறகு தூக்கிவிடலாம். உச்ச அளவான 255-ஐத் தொட்டு வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

இந்த வழியின் குறை அசைவுதான். ஃபிளாஷ் இல்லாததால் ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) திறந்திருக்கும் நேரம் 1/15 விநாடி வரை நீளும், மேக்ரோவில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, ஏற்றினால் சின்ன சென்சாரில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வருகிறது. அதனால் ஐஎஸ்ஓவை 100-இல் நிறுத்தி, கேமராவை எதன்மேலாவது சாய்த்து, 2 விநாடி டைமரில் எடுக்கிறேன். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் மைனஸ் வைத்ததன் பலன் ஷட்டருக்குப் போகாமல் ஐஎஸ்ஓவுக்குப் போய்விடலாம். நிறுத்தி வைத்தால், மைனஸ் 1-க்கு ஷட்டர் நேரம் பாதியாகக் குறையும், அசைவும் குறையும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தினால் நிழல் பக்கமும் தெளியும். நாணயம், நகை போன்ற பளபளப்பான பொருட்களுக்கும் இந்த ஏற்பாடுதான் பொருந்தும். ஃபிளாஷ் அவற்றில் நேராகப் பட்டுத் தெறிக்கும் வெள்ளைப் புள்ளியை எந்த மைனஸும் முழுதாகப் போக்குவதில்லை.

பூச்சிகளை நான் அதிகம் எடுத்ததில்லை. எடுத்த கொஞ்சத்தில், நகரும் எறும்பை ஃபிளாஷ் இல்லாமல் ஒருமுறைகூடத் தெளிவாகப் பிடிக்க முடியவில்லை. லென்ஸைச் சுற்றி மாட்டும் எல்இடி வளையத்தைச் சில நாள்தான் பயன்படுத்தினேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. ஃபிளாஷ் போட்டே ஆகவேண்டிய இடத்தில், நெருங்குவதை விட்டுவிட்டு, கையேடு சொல்லும் தூரத்துக்குப் பின்வாங்கி எடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்கிறேன். 10 மெகாபிக்சல் படத்தில் கால் பங்கை வெட்டி எடுத்தாலும் திரையில் பார்க்கப் போதுமான அளவு மிஞ்சுகிறது.