கொடைக்கானல் செவலைக் குதிரையை எதில் வரைவது? வாட்டர்கலர், அக்ரிலிக், பேஸ்டல்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை. டிசம்பர் விடுமுறையில் ஒரு காலை நேரம், பனிமூட்டம் கலையாத அந்தச் சாலையில் குதிரைச் சவாரி போனேன். செவலைக் குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். பிடரி மயிரில் ஈரம் மணி மணியாக நின்றது. மதுரைக்குத் திரும்பியும் அந்த ஈரப் பிடரி கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரே படத்தை மூன்று விதமான வண்ணத்தில் வரைந்து பார்த்தேன்.

பனிமூட்டத்துக்கு வாட்டர்கலரை அடிக்க ஆளில்லை. காகிதத்தை நனைத்து, வெளிர் சாம்பலை ஓடவிட்டால் குதிரையின் பின்பாதி தானாகவே பனிக்குள் கரைந்துவிடும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போடு கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் செவலையின் நிழல் நிறம் அப்படியே வரும். ஆனால் சுட்டியின் வெள்ளைக்குக் காகிதத்தின் வெள்ளையைத்தான் விட்டுவைக்க வேண்டும். எனக்கு அங்கே பழுப்பு ஓடிப்போய்விட்டது. டிஷ்யூவால் ஒற்றி எடுத்தும் பழைய வெள்ளை திரும்பவில்லை. வண்ணம் ஒட்டாமல் காத்து, பின்னால் உரித்தெடுக்கக்கூடிய மாஸ்கிங் திரவத்தை அங்கே பூசிவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆவது இருக்கட்டும். மெல்லிய தாள் இவ்வளவு தண்ணீரில் நெளிந்துவிடும்.

அக்ரிலிக்கில் தப்பை மூடி மறுபடி வரையலாம். குதிரை வரைபவர்களுக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் கால்கள் ஏமாற்றும். முன்னங்காலில் முட்டி என்று நாம் நினைப்பது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஈடான மூட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்தி நிற்பது குதிகால். இது புரியாமல் பின்னங்காலை மனிதக் கால் போல மடக்கி வரைந்துவிட்டேன். காய்ந்ததும் அதன் மேலேயே பூசித் திருத்த முடிந்தது. குறை என்னவென்றால், மதுரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தட்டில் பிழிந்த வண்ணம் சீக்கிரமே தோல் கட்டுகிறது. வயிற்றின் உருண்டை தெரிய ஒரு நிறத்தை இன்னொன்றில் மெதுவாகக் கரைக்க வேண்டும், அதற்கு நேரமே கிடைப்பதில்லை. காய்ந்தபின் நிறம் ஒரு படி இருண்டும் போகிறது.

சாக்பீஸ் போலத் தூளாக உதிரும் சாஃப்ட் பேஸ்டல் குச்சியில்தான் குதிரைக்கு உயிர் வந்தது. கடையில் பேஸ்டல் என்று மட்டும் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளின் ஆயில் பேஸ்டலை எடுத்துத் தருவார்கள். சாஃப்ட் பேஸ்டல் என்று அழுத்திச் சொல்லுங்கள். சொரசொரப்பான சாம்பல் நிறத் தாளில், முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே குச்சியை இழுத்தேன். கழுத்தில் சாய்வாக, விலாவில் வளைவாக. முதுகில் வானத்தின் வெளிச்சம் விழுவதால் அங்கே மட்டும் லேசாகச் சாம்பல் நீலம். காய வேண்டும் என்ற காத்திருப்பே இல்லை. கடைசியில் வெள்ளைக் குச்சியை அழுத்தி ஒரே இழுப்பு, சுட்டி வந்துவிட்டது. வாட்டர்கலரில் நான் தொலைத்த இடம் அது.

தூசுதான் தொந்தரவு. ஊதாமல் தாளைச் சாய்த்துத் தட்ட வேண்டும். தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்சேடிவ் ஸ்ப்ரே அடித்தால் நிறம் கொஞ்சம் மங்கும். கண்ணாடிச் சட்டம் கட்டாயம், கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவே மவுண்ட் என்ற அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். சட்டச் செலவையும் சேர்த்தால் மூன்றில் இதுவே விலை கூடியது.

ஆயில் பெயின்டை நான் எடுக்கவில்லை. காய நாள்கணக்காகும், டர்பென்டைன் வாடை சின்ன வீட்டுக்கு ஒத்துவராது.

எதில் வரைந்தாலும் போட்டோவை அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்தில் நின்று செல்போனில் எடுத்தால் தலை பெருத்து, கால் குட்டையாகத் தெரியும். பத்தடி தள்ளி நின்று ஜூம் பண்ணி எடுங்கள்.

முதல் குதிரை என்றால் அக்ரிலிக்கில் தொடங்குங்கள். பனிமூட்டம்தான் மனதில் நிற்கிறது என்றால் வாட்டர்கலர். எனக்கு அந்த ஈரப் பிடரியும் முகமும் வேண்டும், ஆகவே பேஸ்டல். அதற்கு 48 நிற செட் தேவையில்லை. பழுப்பில் நான்கு, சாம்பல் நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. அந்தச் செவலை முழுக்க இந்த ஆறு குச்சியில் அடங்கிவிட்டது.