ஸ்கிறீன் போட்டால் ஏறிப் போவதா, இறங்கி நிற்பதா?

கூடைப்பந்தில் பந்து வைத்திருப்பவனுக்கு ஸ்கிறீன் போடுகிறார்கள், அதாவது அவனைக் காக்கும் நம்ம ஆளின் வழியை எதிரணியில் இன்னொருத்தன் வந்து மறித்து நிற்கிறான். அந்த மறிப்பவனைக் காக்கும் நம்ம சென்டர், கூடைக்குக் கிட்ட ஆடும் நெட்டையன், என்ன செய்ய வேண்டும்? இந்தமுறை எங்கள் பாடசாலைப் பொடியன்மாருக்கு நான் எடுத்தது ட்ரொப், அதாவது ஏறிப் போகாமல் உள்ளே இறங்கி நிற்பது.

காக்கும் இருவரும் ஆளை மாற்றிப் பிடிப்பது ஸ்விட்ச். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரமென்றால் அதுதான் லேசு. எங்களுக்கு வாய்த்த நெட்டையன் ஒருத்தன்தான். அவனை வெளியே இழுத்துவிட்டு, உள்ளே நிற்கும் குட்டையனின் தலைக்கு மேலால் போட்டுவிட்டுப் போவார்கள். கூடைக்கு எறிய மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் ஷொட் கிளொக்கில் நாலைந்து செக்கன் மிஞ்சும்போது மட்டும் ஸ்விட்ச் பண்ணச் சொல்வேன்.

ஹெட்ஜ், அதாவது சென்டர் ஏறிப் போய்ப் பந்துக்காரனைக் கொஞ்சம் மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்புவது, பார்க்க அழகு. சென்டர் பாய்ந்து வந்து பந்துக்காரனைத் தடுத்தால் கைதட்டல் விழும். இயூஜின் ஹேபர்ட் அடிகளார் கூடைப்பந்து வளர்த்த மட்டக்களப்பு இது, கோர்ட் ஓரத்தில் நிற்கும் பழைய ஆட்டக்காரர் எல்லாரும் கோச்தான், “ஏறிப் போ மனே!” என்று கத்துவார்கள். ஏறிப் போகலாம், திரும்பி வரவும் வேண்டுமே. மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீற்றர். அதுவரை போய், உள்ளே ஓடுகிறவனைத் திரும்பப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்கிறீனுக்கும். கச்சான் காற்றடிக்கும் மாதத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு, சீமெந்துத் தரையில், மாற்றிவிட ஆளில்லாமல். கால் ஓய்ந்ததும் இடுப்பால் இடிப்பான், விசில். ஐந்து பவுலோடு அவன் வெளியே. அதற்கு முன்பே ஒரு குவாட்டரில் அணிக்கு ஐந்தாவது பவுல் விழுந்தால் எதிராளிக்கு இரண்டு ப்ரீ த்ரோ. எனக்கு முடிவைச் சொன்னது சென்டரின் காலும் பவுல் கணக்கும்தான்.

ட்ரொப்பில் அவன் ப்ரீ த்ரோ கோட்டுக்கு உள்ளேயே நிற்பான். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில்போல, தடுப்பவன் பெயின்ட்டுக்குள், அதாவது கூடைக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள், யாரையும் காக்காமல் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி, உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் ஆட்டத்தில் இல்லை. பெயின்ட்டுக்குள் தாராளமாக நிற்கலாம். ஒரு கை பந்துக்கு, மற்றக் கை தாழ்வாக, உள்ளே வரும் பாஸுக்கு. காலைப் பின்னாமல் பின்வாங்க வேண்டும். ஸ்கிறீன் வருமுன்னே “இடது!” என்று கத்துவதும் அவன் வேலை, பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. பாரம் பந்துக்காரனைக் காக்கும் நம்ம கார்டின் தலையில்: ஸ்கிறீன் போடுகிறவனின் பாதத்தைத் தன் பாதம் முதலில் தாண்ட வேண்டும், பிறகு உடம்பு, பிறகு பந்துக்காரனின் இடுப்போடு ஒட்டி ஓட்டம்.

இதற்கு விலை, ப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் கிடைக்கும் நடுத்தூர ஷொட். ஓடிவந்து நின்று அதைப் போடத் தெரிந்தவர்கள் நாங்கள் சந்தித்த அணிகளில் குறைவு, அதனால் விட்டுக்கொடுக்கிறேன். ஸ்கிறீன் போட்டவனே வெளியே விலகி மூன்று புள்ளி எறிவானென்றால் கதை வேறு. அப்படிப்பட்ட சென்டரோடு நாங்கள் அதிகம் ஆடியதில்லை. வந்தால் அந்தச் சோடிக்கு மட்டும் ஹெட்ஜ் போட்டுப் பார்ப்பேன்.