இடுப்புத் தமனிக்கு ஸ்டென்ட்: உடலில் ஒன்று, பில்லில் இரண்டு

இடுப்பு இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்தபடி வைத்திருக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொள்ளச் சமவெளிக்கு இறங்கும் நீலகிரி மக்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கோத்தகிரியில் வசிக்கும் என் தந்தையாருக்கு மேடேறும்போதெல்லாம் வலப் புட்டத்திலும் தொடையிலும் வலி பிடித்து இழுக்கும். சற்று நின்றால் விட்டுவிடும். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர் என்று தெரிந்தும் முதுகுத்தண்டுக்கே மருந்து கொடுத்துவந்தார்கள். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டபோதுதான், கணுக்கால் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் இயல்பின் கீழ்வரம்பான 0.9க்கு வெகுவாகக் கீழே இருப்பதும், அதைத் தொடர்ந்து பார்த்ததில் காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி இடுப்புக்குள்ளேயே அடைத்திருப்பதும் தெரியவந்தன.

சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பில் பலூனை விரித்து, ஸ்டென்ட் பொருத்தினார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. குறையெல்லாம் பில்லில்தான்.

"ஸ்டென்ட்டுக்கு கவர்மென்ட் ரேட்தான் சார், பயப்படாதீங்க" என்றார் பில்லிங் பிரிவில் இருந்தவர். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை வரம்பு விதித்தது இதய ஸ்டென்ட்டுகளுக்கு மட்டுமே. இடுப்பு, கால் தமனிகளுக்கானவை அதில் அடங்குவதில்லை. அன்றாடம் இதே வேலையைப் பார்ப்பவருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராயில்லை.

இறுதி பில்லில் இரண்டு ஸ்டென்ட்டுகளுக்குப் பணம் போட்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்றுதான் இருந்தது. கேஸ் ஷீட்டில், ஓரம் மடங்கி ஒட்டியிருந்த ஸ்டென்ட் பெட்டியின் ஸ்டிக்கரும் ஒன்றுதான். கேட்டபோது, முதலில் பிரித்தது அளவு சரிவராமல் வீணாகிவிட்டது என்றார்கள். அப்படியானால் அதன் ஸ்டிக்கரையும் பெட்டியையும் காட்டுங்கள் என்று எழுத்துமூலம் கேட்டதும், வீணான ஸ்டென்ட் கணினிப் பிழையாக மாறி, பணம் திரும்பி வந்தது. பொருத்திய ஸ்டென்ட்டின் பெட்டியை மட்டும் கடைசிவரை தரவில்லை. அதிகபட்ச சில்லறை விலை அதில்தான் அச்சிட்டிருக்கும்.

ஆகவே எந்த நிறுவனத்தின் ஸ்டென்ட், எத்தனை, என்ன விலை என்பதையும், பிரித்த ஒவ்வொன்றின் பெட்டியையும் தருவார்களா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே எழுதி வாங்குங்கள். இரத்தக்குழாயை எக்ஸ்ரேயில் எடுத்த ஆஞ்சியோ படங்கள் அடங்கிய சி.டி.யையும் கையோடு கேட்டுப் பெறுங்கள். எங்களுக்கு அது இன்னும் வரவில்லை. ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்க்கும் குன்னூர் மருத்துவர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கேட்கிறார்.