பன்னிரு தந்தி யுனிவர்சல் பெடல் ஸ்டீல்: ஐந்து முழங்கால் லீவர்களும் சிங்கப்பூர் உபியில் ஒரு பட்டறையும்

சென்ற ஆண்டு அமெரிக்காவிலிருந்து பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றை வரவழைத்தேன். பன்னிரண்டு தந்தி, ஏழு பெடல், ஐந்து முழங்கால் லீவர் கொண்ட யுனிவர்சல் வகை அது. கருவியின் விலை, கப்பல் கட்டணம், அவற்றின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் சேர்ந்து கையைக் கடித்தன என்றாலும், உள்ளூரில் இத்தகைய கருவி விற்பனைக்கு வரும் என்று காத்திருந்து அலுத்துப்போயிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லீவர்கள் முந்தைய உரிமையாளரின் கால்களுக்கும் அவர் வாசித்த இசைக்கும் ஏற்றவாறு பூட்டப்பட்டிருந்தன. அவற்றை என் கால்களுக்கு ஏற்ப மாற்றித் தந்தது உபி வட்டாரத்துத் தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் இருக்கும் சிறு பட்டறை. இந்த மதிப்புரை கருவியையும் பட்டறையையும் பற்றியதே என்றாலும், பெரும்பகுதி லீவர்களைப் பற்றித்தான் பேசும்; இந்த வகைக் கருவியை வாங்குபவர் தடுமாறும் இடம் அதுதான்.

அறியாதவர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். பெடல் ஸ்டீல் மேசைபோல நான்கு கால்களில் நிற்கும். இடக்கையில் பிடித்த உருண்டை எஃகுத் துண்டைத் தந்திகள்மேல் நகர்த்தி வாசிப்பதால், நம் கோட்டுவாத்தியத்துக்கு அதை ஒன்றுவிட்ட உறவு எனலாம். ஆனால் இடப்பாதத்தின் கீழுள்ள பெடல்களும் இரு முழங்கால்களை ஒட்டித் தொங்கும் லீவர்களும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் ஏற்றும் அல்லது இறக்கும். வீணையில் தந்தியை வலித்து மேலேற்றும் வேலையை இங்கே கால் செய்கிறது. மேற்கத்திய ஈ (E) சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், முதல் பெடல் பஞ்சமத்தைச் சதுச்ருதி தைவதமாக ஏற்றும். இரண்டாம் பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்தியமமாக ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, ஏ மேஜராக மாறிவிடும். லீவர்களோ ஷட்ஜத்தையே அரைச்சுரம் ஏற்றவும் இறக்கவும் செய்கின்றன. ஸ, ப இரண்டும் அசையாச் சுரங்கள் என்று பாடம் கேட்டு வளர்ந்த எனக்கு, இங்கே அதிகமாக அசைபவை அவை இரண்டுமே என்பது பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நேஷ்வில் கன்ட்ரி இசைக்குரியது ஈ 9 சுருதியமைப்பு. ஸ்விங்கும் ஜாஸும் வாசிப்போர் நாடுவது சி 6. இரண்டும் வேண்டுமென்றால் பத்துப் பத்துத் தந்திகளுடன் இரட்டைக் கழுத்துக் கருவி வாங்குவதே வழக்கமாக இருந்தது. அதன் எடையைச் சுமந்து சலித்தவர்களுக்கு யுனிவர்சல் மாற்றுவழியானது. அதைப் பரப்பியவர்களில் பெடல் ஸ்டீல் தயாரிக்கும் எம்எஸ்ஏ நிறுவனத்தின் மாரிஸ் ஆண்டர்சனும் ஆசிரியராகப் பெயர்பெற்ற ஜெஃப் நியூமனும் முக்கியமானவர்கள். என் கருவியின் தந்திகள், வாசிப்பவரிடமிருந்து தொலைவில் உள்ளதிலிருந்து தொடங்கினால், எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், ஈ, பி என்ற வரிசையில் நிற்கின்றன. இவற்றுள் நான்காம், எட்டாம் தந்திகளின் ஈ சுரத்தை ஒரு லீவரால் டி ஷார்ப்புக்கு இறக்கி, பதினோராம் தந்தியின் ஈயை மட்டும் தொடாமல் விட்டால், நான்காம் தந்தியிலிருந்து பன்னிரண்டாம் தந்திவரை பி 6 என்ற அமைப்பு கிடைக்கிறது. அது சி 6 அமைப்பையே அரைச்சுரம் இறக்கியது. ஆகவே சி 6 கற்றவர் ஒரு கட்டம் (ஃபிரெட்) மேலே தள்ளி வாசித்தால் போதும். ஒரே ஒரு லீவர் ஒரு கருவியை இன்னொரு கருவியாக ஆக்கிவிடுகிறது என்பதால், அந்த லீவர் எந்த முழங்காலுக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. மற்ற லீவர்களை அதன்பிறகுதான் யோசிக்க முடியும்.

பத்துத் தந்தி ஈ 9 கருவியில் பரவலாகக் காணும் ஏற்பாடு வேறு. ஈயை எஃப்புக்கு ஏற்றும் லீவர் இட முழங்காலின் இடப்பக்கத்திலும், ஈயை இறக்கும் லீவர் அதே முழங்காலின் வலப்பக்கத்திலும் இருக்கும். ஒரே தந்திகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு லீவர்களை ஒரே முழங்காலின் இருபுறமும் வைத்திருப்பதால் இரண்டையும் தவறுதலாகச் சேர்த்து அழுத்தவே முடியாது. எஃப்பிலிருந்து டி ஷார்ப்புக்கு ஒரே வீச்சில் போகவும் முடியும். எனக்கு வந்த கருவியும் அப்படித்தான் இருந்தது. ஈ 9 வாசிக்கும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. பி 6 பக்கம் போனதும் சிக்கல் தொடங்கியது. அந்தப் பக்கத்துக்குரிய நான்கு முதல் ஏழுவரையுள்ள பெடல்களைத் தேடி இடக்கால் வலப்புறம் நகர வேண்டும். அந்த நேரமெல்லாம் ஈ இறங்கியே இருக்கவும் வேண்டும். ஏழாம் பெடலில் பாதத்தை வைத்துக்கொண்டு அதே காலின் முழங்காலால் லீவரைச் சீராகப் பிடித்திருக்க நான் மூன்று வாரம் முயன்றேன். பாதம் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்கால் நழுவ, டி ஷார்ப் கால்சுரம் மேலே வந்துபோனது. கேட்க ஏதோ கமகம்போல இருந்ததே தவிர, நான் நினைத்த கமகம் அதுவல்ல.

அலையும் காலுக்கு நிலையான வேலை தரக்கூடாது. யுனிவர்சல் வாசிப்பவர்களில் பலர் இந்த லீவரை வால்யூம் பெடலின்மேல் ஊன்றியிருக்கும் வலக்காலுக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான். நானும் வல முழங்காலின் வலப்பக்கத்துக்கு மாற்றினேன். காலை உட்புறமாக இழுத்துப் பிடிப்பதைவிட வெளிப்புறமாகச் சாய்த்து அதன் எடையை லீவர்மேல் விட்டுவிடுவது ஒரு பாட்டு முழுக்கத் தாங்குகிறது. இறக்கிய நிலையிலேயே லீவரைப் பூட்டிவைக்கும் கொக்கி சில கருவிகளில் உண்டு. பட்டறையில் அதையும் செய்து தருவதாகச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். பாட்டின் நடுவில் ஒரு சொல்லுக்கு ஈ 9 பக்கமும் அடுத்த சொல்லுக்கு பி 6 பக்கமும் தாவுவதுதான் இக்கருவியை வாங்கியதன் பயன். ஈடாக நான் இழந்தது, ஒரே முழங்காலை ஆட்டி எஃப்பிலிருந்து டி ஷார்ப்புக்குப் போகும் வழுக்கல். இப்போது ஒரு காலை விட்டு மறுகாலை எடுக்க வேண்டியிருக்கிறது. வேகமான இடங்களில் இது இன்னமும் உறுத்துகிறது.

எஃப் லீவரை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். முதல் பெடலோடு சேர்ந்து அது தரும் சி ஷார்ப் மேஜர்தான் ஈ 9 வாசிப்பின் உயிர்நாடி: திறந்த தந்தியில் ஈ மேஜர், மூன்றாம் கட்டத்தில் எஃப் லீவரும் முதல் பெடலும், ஏழாம் கட்டத்தில் இரு பெடல்களும் என ஒரே கார்டு மூன்று இடங்களில் கிடைக்கிறது. முதல் பெடல் இடக்கோடியில் இருப்பதால் அங்கே பாதத்தை வைத்திருக்கும் முழங்காலுக்கு இடப்பக்க லீவர் தானாகவே எட்டுகிறது.

அடுத்த தலைவலி கைசிகி நிஷாதம். பத்துத் தந்தி ஈ 9 அமைப்பில் ஒன்பதாம் தந்தியாக டி இருக்கும். ஏழாம் கார்டுக்கும் ஹரிகாம்போஜி சாயலுக்கும் அது இன்றியமையாதது. யுனிவர்சலில் அந்தத் தந்தியே இல்லை. லீவரால் அதை வருவிக்க இரண்டு வழிகள் உண்டு. எட்டாம் தந்தியின் ஈயை ஒரு முழுச்சுரம் இறக்கலாம். இழுப்பு குறைவு, லீவர் இலகுவாக இருக்கும். ஆனால் டி ஒலிக்கும்போது பக்கத்திலிருந்த ஈ மறைந்துவிடும். அல்லது ஒன்பதாம் தந்தியின் பியை மூன்று அரைச்சுரங்கள் ஏற்றி டியாக்கலாம். அப்போது எட்டில் ஈ, ஒன்பதில் டி என்று பழைய ஈ 9 வரிசையே திரும்பி வருவதால் வலக்கை விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இழப்பது கீழ்ப் பஞ்சமத்தை. நான் இரண்டாம் வழியைத் தேர்ந்து இட முழங்காலின் வலப்பக்கத்தில் வைத்தேன். பி 6 பக்கத்தில் இதே லீவர் மேஜரை மைனராக்கும் வண்ணத்தையும் தருகிறது என்பது என் முடிவை உறுதிசெய்தது. யுனிவர்சலில் ஒரு லீவர் இருபுறமும் சம்பாதிக்காவிட்டால் அதற்கு இடம் கொடுப்பது வீண். மேலே தூக்கி அழுத்தும் இடக்கால் லீவரும் அப்படிப்பட்டதுதான்: பியை அரைச்சுரம் இறக்கும் அது, பி 6 பக்கத்தில் மேஜர் ஏழாம் கார்டின் நிறத்தைக் கொண்டுவருகிறது. வல முழங்காலின் இடப்பக்கத்தில் இரண்டாம் தந்தியை டி ஷார்ப்பிலிருந்து டிக்கும், மேலும் அழுத்தினால் சி ஷார்ப்புக்கும் இறக்கும் லீவரை வைத்தேன். அது ஈ 9 பக்கத்துக்கு மட்டுமே உழைக்கிறது. வேறு நல்ல யோசனை கிடைத்தால் முதலில் கழற்றப்படப்போவதும் அதுவே.

இனி பட்டறை. உரிமையாளர் கிட்டார் பழுதுபார்ப்பவர் அல்லர். தொழிற்சாலைத் தையல் இயந்திரங்களையும் சிறு கடைசல் வேலைகளையும் பார்ப்பவர். வாடகை வண்டியில் கொண்டுபோன பெட்டியைத் திறந்ததும், "அண்ணே, இதுல பாதி எனக்குத் தெரிஞ்ச சாமான்தான். தையல் மெஷின்லயும் முழங்காலால தூக்குற லீவர் இருக்கு" என்று சிரித்தார். கருவியைத் துண்டு விரித்த மேசையில் கவிழ்த்து, குறுக்குத் தண்டுகளையும் அவற்றிலிருந்து, தந்திகளின் சுருதியை மாற்றும் பொறியான சேஞ்சருக்கு ஓடும் மெல்லிய இழுகம்பிகளையும் ஒவ்வொன்றாக விரலால் நகர்த்திப் பார்த்து, எது எந்தத் தந்திக்கு என்று காகித ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டினார். கூடுதலாகத் தேவைப்பட்ட இரண்டு பெல் கிராங்குகளை (தண்டின் சுழற்சியை இழுகம்பியின் இழுப்பாக மாற்றும் துண்டுகள்) அலுமினியத்தில் கடைந்து தந்தார். பழையவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியவில்லை. இசை தெரியாத ஒருவர் இவ்வளவு நேர்த்தியாகச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் முதல் முறை எல்லாம் சரியாக வரவில்லை. ஒன்பதாம் தந்தியை ஏற்றும் டி லீவரின் இழுகம்பியை பெல் கிராங்கில் தண்டுக்கு மிக அருகிலுள்ள துளையில் மாட்டியிருந்ததால் லீவர் பஞ்சுபோல மென்மையாக இருந்தது. ஆனால் முழங்கால் முட்டும்வரை தள்ளியும் சுரம் சி ஷார்ப்பைத் தாண்டவில்லை. அதைச் சரிக்கட்ட முனையிலுள்ள நைலான் நட்டை இறுக்கி முறுக்கியிருந்தார்கள். அதனால் சேஞ்சரின் விரல் தன் இருப்பிடத்துக்கு முழுதாகத் திரும்பாமல், ஒன்பதாம் தந்தியின் திறந்த சுருதியையே அந்த நட்டு தாங்கி நின்றது. நட்டை அரைச்சுற்று தளர்த்தியதும் திறந்த பி கீழே இறங்கியபோதுதான் காரணம் எனக்குப் புரிந்தது. இரண்டாம் முறை போனபோது கம்பியை வெளித்துளைக்கு மாற்றினார்கள். தூரம் குறைந்தது, ஆனால் லீவர் கல்லாக இறுகியது. கடைசியில் நடுத்துளையில் நிறுத்தி, எனக்கு ஏற்ற இடத்தில் லீவரை நிறுத்தும் தடையை வைத்தார்கள். இரண்டாம் வருகைக்குக் காசு வாங்கவில்லை. மொத்த வேலைக்கும் 320 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன். தவணை சொன்ன நாளில் வேலை முடிந்திருந்தது. இத்தகைய கருவியைக் கொண்டுபோகிறவர்கள் எந்தத் தந்தி எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்று படம் வரைந்து எடுத்துச்செல்வது நல்லது. அங்கே இயந்திரம் தெரியும், சுரம் தெரியாது. என் பங்குக்கு நான் படம் வரையாமல் வாய்மொழியாகச் சொன்னதும் முதல் தவறுக்கு ஒரு காரணம்.

இரண்டாம் தந்தி லீவரில் டிக்கும் சி ஷார்ப்புக்கும் இடையே காலுக்குத் தெரியும்படி ஒரு தடுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தேன். தனி ஸ்பிரிங் ஒன்றை வைத்து அதைச் செய்திருக்கிறார்கள். மெதுவாக அழுத்தினால் டியில் தெளிவாக நிற்கிறது, அவசரத்தில் தாண்டிவிடுகிறது. இதைவிட வலுவான ஸ்பிரிங் போட்டால் சி ஷார்ப்புக்குப் போகவே முடியாது என்பது அவர் வாதம், அது நியாயம்தான்.

கருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஓசை நிறைவானது, கீழ்த் தந்திகள் குழம்பவில்லை. பெட்டியோடு தூக்குவது இருவர் வேலை. 0.011 அங்குல மூன்றாம் தந்தி எல்லாப் பெடல் ஸ்டீல்களையும்போல இதிலும் அடிக்கடி அறுகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தந்திகள் சீக்கிரம் துருவேறுவதால் வாசித்தபின் துடைத்துத் துணி போர்த்துகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு 10.30 மணிக்கு மேல் காதொலிப்பானில் வாசித்தாலும் லீவர் தடையில் மோதும் டக் டக் சத்தம் தனியாகக் கேட்கும். தடைகளில் ஃபெல்ட் துணி ஒட்டிய பிறகு அது அடங்கிவிட்டது.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. டி லீவர் இட முழங்காலின் வலப்பக்கத்தில் இருப்பதால், பி 6 பெடல்களை நோக்கிக் கால் நகரும்போது சிலசமயம் முழங்கால் அதில் இடித்து, கேட்காத இடத்தில் டி எட்டிப்பார்க்கிறது. லீவரை அதன் தண்டில் இரண்டு விரற்கடை வலப்புறம் தள்ளிவைக்க இடம் இருக்கிறது என்று பட்டறையில் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மீண்டும் கொண்டுபோகிறேன். இம்முறை படமும் வரைந்துவிட்டேன்.