கடையா, தையல்காரரா, கைப்பேசியா: உங்கள் உடைப் பாணி எங்கே பிடிபடும்?

பீரோவைத் திறந்தால் துணி கொட்டுகிறது, உடுத்துவதென்னவோ அதே ஐந்து. சென்னையில் பாதி வீடுகளில் இதுதான் கதை. அந்த ஐந்து மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வெளியே வருகின்றன என்று புரிந்துகொண்டால் பாணி பாதி பிடிபட்டுவிடும். மீதி, அதே மாதிரி இன்னும் பத்தை எங்கே தேடுவது என்பது.

இந்த ஊரில் அதற்கு மூன்று வழி. தி.நகர், புரசைவாக்கம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ரெடிமேட் கடைகள். தெருமுனைத் தையல்காரர். கைப்பேசியில் ஆர்டர். மூன்றையும் எல்லாரும் விலையை வைத்தே ஒப்பிடுகிறார்கள். 600 ரூபாய்ச் சட்டையை நான்கு முறை போட்டுவிட்டு மூலையில் எறிந்தால் ஒரு தடவைக்கு 150 ரூபாய். 1,500 ரூபாய்ச் சட்டையை ஐம்பது முறை போட்டால் 30 ரூபாய். ஆகவே விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எது எதற்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்று பார்ப்போம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: போட்டுப் பார்க்கக் கடை, செய்துகொள்ளத் தையல்காரர், தெரிந்ததை மறுபடி வாங்கக் கைப்பேசி. இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்கள் வீட்டில்தான் பீரோ வழிகிறது.

கிளம்பும் முன் ஒரு வேலை

அந்த ஐந்து எவை என்றே தெரியாவிட்டால், ஹேங்கர்களை எல்லாம் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். போட்டுத் துவைத்ததை மட்டும் வழக்கம்போல மாட்டுங்கள். ஒரு மாதத்தில் விடை தெரிந்துவிடும்.

அவற்றில் நன்றாகப் பொருந்தும் ஒன்றைப் பட்டன் போட்டுக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். இன்ச் டேப்பில் நான்கு அளவு போதும். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்பு. முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை தோள். பின்காலரின் அடியிலிருந்து கீழ் மடிப்பு வரை உயரம். தோள் தையலிலிருந்து முனை வரை கை. குர்த்தியாக இருந்தால் இடுப்புச் சுற்றையும், பக்கவாட்டு ஸ்லிட் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியில் ஒரு வரி: “சட்டை: மார்பு 43, தோள் 17½, உயரம் 28½, அரைக்கை 9¾.”

இது துணியின் அளவு, உடம்பின் அளவு வேறு. மார்பு 39 அங்குலம் உள்ளவருக்கு 43 அங்குலச் சட்டை பிடிக்கிறதென்றால் அவர் விரும்பும் தளர்வு 4 அங்குலம். சிலருக்கு அது 3, சிலருக்கு 6. “எனக்கு ஃபிட்டா வேணும்”, “கொஞ்சம் லூஸா இருக்கட்டும்” என்று வாயால் சொல்வதை ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள். எண்ணைச் சொன்னால் வேறு அர்த்தம் கிடையாது.

ரெடிமேட் கடை: ட்ரையல் ரூமுக்காகவே போகலாம்

ஒரே மணி நேரத்தில் பன்னிரண்டு வடிவங்களைக் காசு கொடுக்காமல் போட்டுப் பார்க்க வேறெங்கும் முடியாது. கடையின் முதல் பலம் அதுதான். ஆனால் எடுத்துப் போகும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே நிறத்தில் மூன்று வடிவங்களை எடுங்கள்: நேர்வெட்டுக் குர்த்தி, ஏ-லைன், அனார்கலி. ஆண்கள் சாதாரணக் காலர், சைனீஸ் காலர், குட்டைக் குர்தா. நிறம் மாறினால் கண் நிறத்தைத்தான் பார்க்கும். வடிவம் பிடித்ததா, மயில்கழுத்து நிறம் பிடித்ததா என்று கடைசி வரை தெரியாது. வடிவம் முடிவான பிறகு, அதே வடிவத்தில் மூன்று நிறம்.

உள்ளே போனதும் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதில் பயனில்லை. நாள் முழுக்க யாரும் அப்படி நிற்பதில்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல ஒரு கையைத் தூக்குங்கள். கீழ் விளிம்பு மேலேறி வயிறு தெரிகிறதா? ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள். முதுகுத் துணி இழுக்கிறதா? உட்காருங்கள், பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கிறதா? கடைசியாகத் தோள் தையல், தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே ஓவர்சைஸ் வாங்கினால் மட்டும் இது பொருந்தாது.

தோளை ஏன் கடைசியில் வலியுறுத்துகிறோம் என்றால், மற்றவற்றைச் சரிசெய்யலாம். பக்கவாட்டைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், உயரத்தை மடிக்கலாம். ஜீன்ஸ் நீளத்தைப் பழைய அடிமடிப்பையே வெட்டி மறுபடி ஒட்டித் தைக்கச் சொல்லலாம், சாயம் மங்கிய அந்த விளிம்பு அப்படியே இருக்கும். ஜீன்ஸ் இடுப்பை ஒன்று, ஒன்றரை அங்குலம் வரை குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி அசிங்கமாகிவிடும். தோளும் கழுத்தும் மட்டும் தவறினால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோளைத் திருத்தக் கையைப் பிரித்து, காலர் வரை கைவைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு வேறு சட்டையே வந்துவிடும்.

குறை? சைஸ்தான். ஒரு பிராண்டின் ‘எம்’ இன்னொன்றின் ‘எல்’. எல்லாக் கடைகளும் ஏற்றுக்கொண்ட ஒரே இந்திய அளவு அட்டவணை நடைமுறையில் இல்லை. அதற்காகத்தான் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான நிஃப்ட் உடல்களை ஸ்கேனரில் அளக்கும் ‘இந்தியா சைஸ்’ ஆய்வையே எடுத்துக்கொண்டது. அதனால் சீட்டில் உள்ள எழுத்தை விட்டுவிட்டு, கைப்பேசியில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பையில் ஒரு இன்ச் டேப் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

போகும் நேரமும் முக்கியம். ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவில் நடந்து வெளியே வருவதே பெரிய பாடு, இதில் மூன்று வடிவத்தை எங்கே போட்டுப் பார்ப்பது? வார நாளில் கடை திறந்த முதல் மணி நேரம் நல்லது. நிறத்தைக் கடைக்குள் இருக்கும் வெள்ளை விளக்கில் முடிவு செய்யாமல் வாசல் வெளிச்சத்தில் முகத்துக்கு அருகே பிடித்துப் பாருங்கள். ஆடித் தள்ளுபடியில் நடுத்தர சைஸ்கள் முதலில் காலியாகும். மிஞ்சிய சைஸில் “பரவாயில்லை, ஆல்ட்டர் பண்ணிக்கலாம்” என்று எடுத்தவைதான் ஹேங்கர் திருப்பாமலே கிடக்கும்.

தையல்காரர்: பொறுமை உள்ளவருக்கு

எங்கள் ஓட்டு இங்கேதான். ஆனால் கெடுவதற்கு வழிகளும் இங்கேதான் அதிகம்.

முதல் கோளாறு துணியிலேயே ஆரம்பிக்கிறது. பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 28 அங்குல உயரச் சட்டையில் 4 சதவீதம் என்றால் ஒரு அங்குலத்துக்கும் மேல். “மாஸ்டர் குட்டையாகத் தைத்துவிட்டார்” என்ற புகார்களில் பாதி இதுதான். எழும்பூர் பாந்தியன் சாலைக் கோ-ஆப்டெக்ஸிலோ, அண்ணா சாலைக் காதி கடையிலோ, கோடவுன் தெருவிலோ வாங்கிய துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு கொடுங்கள். நிறம் போகும் துணியாக இருந்தால் அதுவும் அன்றே தெரிந்துவிடும்.

அளவு: முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத்தில் 1.60 மீட்டர், 36 அங்குல அகலத்தில் 2.25 முதல் 2.5 மீட்டர். முழங்கால் வரை வரும் முக்கால் கைக் குர்த்திக்கு 44 அங்குல அகலத்தில் 2.5 மீட்டர். கட்டம் போட்ட துணிக்கு இன்னும் 20, 25 சென்டிமீட்டர் சேர்த்து வாங்குங்கள். பட்டன் பட்டியிலும் பாக்கெட்டிலும் கட்டம் கோட்டோடு கோடு சேர வேண்டுமானால் துணி வீணாகத்தான் செய்யும். மலிவான ரெடிமேடில் கட்டம் சேராததற்குக் காரணமும் அதுவே. நம் ஊர்ப் பெயரிலேயே உலகம் சுற்றிய மெட்ராஸ் கட்டத்தை அமெரிக்காவில் சாயம் ஓடுவதையே அழகாகச் சொல்லி விற்றார்கள். அந்த அழகு பக்கத்தில் காயும் வெள்ளை வேட்டிக்குத் தெரியாது, தனியாகத் துவையுங்கள்.

இரண்டாவது கோளாறு கைப்பேசிப் படம். படத்தில் இருப்பது வழுவழுவென்று விழும் ரேயான். நீங்கள் கொடுப்பது விறைப்பான செட்டிநாட்டுப் பருத்தி. அதே வெட்டு இரண்டிலும் ஒரே மாதிரி விழாது. படத்தோடு, உங்களுக்குப் பொருந்தும் பழைய உடுப்பையும் கொடுங்கள். “உடம்பு இதன்படி, கழுத்து மட்டும் படத்தின்படி” என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். முதல் சட்டையில் காலரை மாற்றினால், அடுத்ததில் உயரம், அதற்கடுத்ததில் கை. மூன்றையும் ஒன்றாக மாற்றிச் சரியில்லாமல் போனால் எது கெடுத்தது என்று மாஸ்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது, அக்குள். இதைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. “கை டைட்டா இருக்கு” என்றதும் பலர் அக்குள் வளைவைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். நிற்கும்போது சுகமாக இருக்கும். கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே எழும்பும். வளைவு அக்குளுக்கு அருகில் இருந்து, கைத்துணியின் அகலம் கூடினால்தான் கை தனியாக அசையும். ஆகவே “அக்குளை இறக்காதீங்க, கைச் சுற்றைக் கூட்டுங்க” என்பதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். பிளவுஸில் இதற்கு இணையான தகராறு கழுத்து. முன் கழுத்து அகலமும் பின் கழுத்து ஆழமும் ஒன்றாகக் கூடினால் தோள் நழுவும். ஒன்றைத்தான் கூட்டலாம், இரண்டும் வேண்டுமென்றால் முதுகில் நாடா. துணியைச் சாய்வாக வைத்து வெட்டும் கிராஸ் கட் கேட்பவர்கள் புடவையோடு வரும் 80 சென்டிமீட்டர் துணி பற்றாமல் போகலாம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புடவைக்காரர்களுக்குப் பாணி பிளவுஸில்தான் இருக்கிறது என்போம். ஒவ்வொரு புடவைக்கும் அதனோடு வந்த துணியிலேயே தைத்துக் குவிப்பதைவிட, கறுப்பு, மெரூன், மாம்பழ மஞ்சள் என்று மூன்றை ஒரே நல்ல வெட்டில் தைத்தால் பத்துப் பருத்திப் புடவைக்கு மாற்றி மாற்றிப் போடலாம்.

பக்கவாட்டுத் தையலுக்குள் ஒரு அங்குலத் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு ஏறும், இறங்கும். பிரித்துத் தைக்க இடம் வேண்டும். வாங்கும்போது உள்ளே திருப்பி, விளிம்பு பிரியாமலிருக்க ஓவர்லாக் அடித்திருக்கிறதா, காஜாவில் (பட்டன் துளையில்) நூல் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

கைப்பேசி: இரண்டாவது முறைக்கு மட்டும்

சில ஆன்லைன் அட்டவணைகளில் உடம்பின் மார்பளவும் துணியின் மார்பளவும் தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் ஒன்று மட்டும் இருக்கும், எது என்று சொல்லாமல். துணியளவு கொடுத்திருந்தால் நீங்கள் குறித்துவைத்த எண்ணோடு ஒப்பிட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் அது சூதாட்டம். “காட்டன் பிளெண்ட்” என்று மட்டும் போட்டு சதவீதம் போடாததைத் தவிர்த்துவிடுங்கள். விமர்சனங்களில் நட்சத்திரத்தைவிட, வாங்கியவர் வீட்டு வெளிச்சத்தில் எடுத்த படமே நம்பத்தக்கது.

ஒன்று வாங்கி மூன்று முறை துவைத்துப் பாருங்கள். டி-ஷர்ட்டில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறதா என்பதுதான் சோதனை. பின்னலாடையில் இது சகஜமான கோளாறு, மாட்டியிருக்கும்போது தெரியாது. தேறினால் அதே இணையப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிறம். இந்த இடத்தில் கைப்பேசியை மிஞ்ச ஆளில்லை.

எந்த வழியானாலும், துணி

சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் தொல்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் காய நேரமாகும். கார்த்திகை மழையில் இரண்டு நாள் கொடியிலேயே கிடக்கும். லினன் சீக்கிரம் காயும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கும். கசங்கலைப் பொறுக்காதவர்களுக்கு அது சரிப்படாது. ரேயான் உடம்பில் இதமாக விழும், நனைந்தால் வலுவிழக்கும், முறுக்கிப் பிழிந்தால் வடிவம் போய்விடும். முழு பாலியஸ்டர் கசங்காது, காயும், ஆனால் உறிஞ்சாது. மே மாதம் மின்சார ரயிலில் அதன் மகிமை தெரியும். டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இந்த ஊருக்குப் போதும்.

வியர்வைத் திட்டை மிக மோசமாகக் காட்டுவது வெளிர் சாம்பல். வெள்ளை, கருநீலம், சிறு பூ அச்சு மறைக்கும்.

எதை எங்கே

டி-ஷர்ட், ஜீன்ஸ், உள்ளாடை ரெடிமேட். முதல் முறை கடையில், மறுமுறை கைப்பேசியில். சட்டை, பேன்ட், குர்த்தி, பிளவுஸ் தையல்காரரிடம். குறிப்பாக, கடையில் மார்புக்குச் சரியானது தோளில் தொங்குகிறவர்கள், இடுப்புக்குச் சரியானது மார்பில் இறுக்குகிறவர்கள் வேறு வழி தேட வேண்டாம். அவசரக் கல்யாணத்துக்குக் கடை. வேட்டிக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

புதுத் தையல்காரரிடம் முதல் துணியாகப் பட்டுத்துணியைக் கொடுக்காமல் சாதாரணப் பருத்தியைக் கொடுங்கள். அதை ஆவணியிலேயே கொடுத்தால், போட்டு நடந்து, குறையைச் சொல்லி, திருத்தி, தீபாவளித் துணியைப் புரட்டாசித் தொடக்கத்தில் நம்பி ஒப்படைக்கலாம். ஐப்பசி பிறந்த பிறகு போனால் “ஆர்டர் எடுக்கப்படமாட்டாது” அட்டைதான் வாசலில் தொங்கும்.